இருக்கலாம்

“தள்ளுங்க பெரியப்பா. நான் ஊத்துறேன்.”

பெரியப்பாவின் கையிலிருந்த சொம்பைப் பூங்கோதை பிடுங்கினாள். கோபால்சாமியின் முகம் சுண்டிப்போயிற்று. தம்பி செத்த செய்தி கேட்டதும் கண்ணமங்கலத்தில் கரும்பு வெட்டை அப்படியே போட்டுவிட்டு, ஆலங்காயம் வரை பஸ்ஸிலும் அதற்கு மேல் கட்டை லாரியில் நின்றுகொண்டும் வந்து சேர்ந்தவர் அவர்.

“ஆம்பளைங்க இத்தினி பேரு நிக்கிறோம். பொம்பளப் புள்ள செய்யுற வேலையாம்மா இது?”

“ஆஸ்பத்திரியில தெனம் இதத்தான் செய்யுறேன். யாரு எவருன்னே தெரியாதவங்களுக்கு.”

வீட்டின் பின்பக்கம், பெஞ்சின்மேல் ராஜவேலு கிடந்தார். மகள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துச் சீயக்காய் தேய்த்தாள். அடம்பிடிக்கும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, அழுத்தி, விரல் நோகத் தேய்த்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் எந்தப் பிணத்தையும் அவள் இப்படிக் கையாண்டதில்லை.

முதுகுக்கு ஊற்றுவதற்காகப் புரட்டியபோது தைல வாடை அடித்தது. இடது தோள்பட்டையில், கைக்கு இறங்கும் இடத்தில், தோல் பிசுபிசுத்தது. அவள் கை நின்றது.

“யம்மா. எத்தினி நாளா வலி?”

பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுந்தரம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. “வாயுன்னு சொன்னாரு.”

“எத்தினி நாளான்னு கேட்டேன்.”

“பொங்கலு முடிஞ்சதுலேர்ந்து.”

“மேட்டுமேல கூடத்துல போன் இருக்குதில்ல? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நீ வந்து இழுத்துகினு பூடுவ, சொல்லாதன்னாரு.” சுந்தரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “வானம் நல்லா இருக்குது, இந்த மாசம் படம் எடுக்காம வுட்டா அப்பறம் கெடைக்காதுன்னாரு.”

பூங்கோதை மீதித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினாள். தீபாவளிக்கு வந்தபோதே அவர் படியேறி மூச்சு வாங்குவதைப் பார்த்திருந்தாள். டாக்டரிடம் சொல்லி நாள் வாங்கி வைத்தாள். ஒரு ஈசிஜி, ஒரு பகல், அவ்வளவுதான். ‘தை முடியட்டும்மா’ என்றார். அவர் சொன்ன தை இன்னும் முடியவில்லை.

அவரை முதலில் பார்த்தவன் சடையன். மேட்டிலிருந்த தொலைநோக்கிக் கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த சாமைக் கொல்லை அவனுடையது. முந்தின நாள் விடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன், பாதையோரம் அவர் பாறையில் சாய்ந்திருப்பதைக் கண்டிருக்கிறான். உடம்பைத் துடைத்து வேட்டி கட்டும்போது அவன்தான் காலைப் பிடித்துக்கொண்டான்.

“கண்ணாடித் தட்டு பொட்டி பக்கத்துல இருந்துச்சும்மா. ஒண்ணுகூட ஒடையல. பதனமா எறக்கி வச்சிட்டு அப்பறந்தான் சாஞ்சிருக்காரு” என்றான். அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

பூங்கோதைக்கு உடம்பு பற்றி எரிந்தது. பெட்டியை இறக்கி வைக்க நேரம் இருந்திருக்கிறது. பாறையில் தேடி நல்ல இடமாகப் பார்த்து வைக்க நேரம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தால் வீட்டுக்குக் கேட்டிருக்கும். சடையனுக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

அது என்ன பெட்டி என்று இங்கே வந்திருந்த உறவுக்காரர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அடிவாரத்துக் கல்லூரி ஒன்று இந்த மலையில் சின்னதாகத் தொலைநோக்கிக் கூடம் கட்டியபோது பூங்கோதைக்கு எட்டு வயது. பௌதிகம் சொல்லிக்கொடுத்த இரண்டு பேர், ராஜவேலுவும் லட்சுமணனும், ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலான சிவப்பு நட்சத்திரம். ஆண்டுதோறும் அதைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்து, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். லட்சுமணன் சனி ஞாயிறில் வந்து போவார். ராஜவேலு குடும்பத்தோடு மேலேயே வந்துவிட்டார். மலையில் பெரிய பள்ளிக்கூடம் இல்லாததால் பூங்கோதை ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் வளர்ந்தாள்.

நட்சத்திரம் நேராகப் போகவில்லை, மிக லேசாகத் தள்ளாடுகிறது என்று அப்பா கண்டுபிடித்தார். அவளுக்கு விளங்கும்படி ஒருமுறை சொன்னார்: “தூரத்துல ஒரு பொம்பள நடந்து வர்றா. இடுப்புல கொடம் இருக்குதா இல்லயான்னு கண்ணுக்குத் தெரியல. ஆனா ஒரு பக்கமா சாஞ்சி சாஞ்சி வர்றா. அப்ப கொடம் இருக்குதுன்னுதான அர்த்தம்?” அந்தக் குடம்தான் கிரகம். நம் சூரியனுக்கு வியாழன் மாதிரி அந்தச் சூரியனுக்கு ஒன்று. எழுபத்தேழில் இருவரும் சேர்ந்து அதை அறிவித்தார்கள். பேப்பரில் படம் வந்தது. கண்ணமங்கலத்தில் மைக் கட்டி, மாலை போட்டுக் கூட்டம் நடத்தினார் பெரியப்பா.

இரண்டு வருடம்தான். வெளிநாட்டில் பெரிய தொலைநோக்கிகளால் பார்த்தவர்களுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியவில்லை. பழைய தட்டுகளையெல்லாம் மறுபடி அளந்த லட்சுமணன், கூடத்தின் லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டிய வருடத்தில் எல்லா நட்சத்திரங்களுமே கொஞ்சம் துள்ளியிருப்பதைக் கண்டார். சாய்ந்தது நடந்து வந்தவள் இல்லை, நம் கண்ணாடி. அதை எழுதி, தன் பெயரைப் போட்டு, அச்சில் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கிரகத்தின் பெயரோடு ‘உறுதி செய்யப்படாதது’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது.

*

பாடையில் ஏற்றுவதற்குள் கல்லூரி வேன் வந்து நின்றது. லட்சுமணன் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. பூங்கோதைக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்; அவள் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவர். மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு பையன்கள் பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். குறுக்கே ஜிகினாத் தாள் ஒட்டி எழுதியிருந்தது: ‘புதிய கிரகம் கண்ட பேராசிரியர் ராஜவேலு அவர்களுக்கு.’

அதைக் கண்டதும் பெரியப்பாவுக்கு அழுகை வெடித்தது. “பாத்தியாடா! எங்கயோ கண்ணுக்குத் தெரியாதத கண்டுபிடிச்ச பாவி, நெஞ்சுல இருந்தது தெரியாம பூட்டியேடா!” பெண்கள் கூட்டமும் சேர்ந்து அழுதது. யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “இன்னாது, கிரகமா?” என்று கேட்க, “ஆமாங்க, இவருதான் கண்டுபிடிச்சவரு. பேப்பர்லலாம் வந்துது” என்று பதில் வந்தது. லட்சுமணன் கைகூப்பி நின்றார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

“அது உண்மைதாங்க. அவன் கண்டது கண்டதுதான்” என்றார் பொதுவாக.

பூங்கோதை முன்னால் வந்து, வளையத்திலிருந்த தாளைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். சாமந்தி நாலைந்து பிய்ந்து விழுந்தது.

“ஏம்மே!” என்று கத்தினார் பெரியப்பா. “புத்தி கெட்டுப் பூட்டுதா ஒனக்கு?”

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. “நீங்க எழுதுனது இன்னா மாமா அப்ப?”

“பூங்கோத... இன்னிக்கி வேணாம்மா அது.”

“இன்னிக்கி இன்னா? செத்துட்டா கிரகம் வந்துடுமா?”

மாதம்மாள் அத்தை அவள் தோளைத் தொட்டாள். அவள் கையை உதறினாள்.

“ஒருநாளு பஞ்சாயத்து தலைவரு வந்தாரு இந்த வூட்டுக்கு. கூட வந்தவங்ககிட்ட, சார்தான் கிரகத்த கண்டுபிடிச்சவருன்னாரு. எங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? ‘அப்பிடி சொல்லாதீங்க. இருக்கலாம். அவ்ளோதான். இன்னும் தெரியல’ன்னாரு. தன் வாயால சொன்னாரு. சொல்லிட்டு அன்னிக்கி சோறு திங்கல. நீங்க எழுதுனத படிச்சிட்டு, லட்சுமணன் கணக்கு சரிதான்னு எங்கம்மாகிட்ட சொன்ன மனுசன் அவரு. அவரு பொணத்துமேல பொய்ய கொண்டாந்து வைக்கிறீங்க. பூவ சுத்தி வைக்கிறீங்க.”

“மரியாதைக்கு...” என்று தொடங்கினார் லட்சுமணன்.

“நேரா சொல்லுங்க. இருக்குதா, இல்லயா?”

லட்சுமணன் பெஞ்சின் பக்கம் பார்த்தார். ராஜவேலுவின் நெற்றியில் ஒட்டியிருந்த நாணயம் கொஞ்சம் நழுவியிருந்தது. அதைச் சரி செய்யப் போனவர் போலக் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார்.

“தெரியலம்மா.”

“லென்ஸ்தான்னு எழுதுனீங்களே?”

“அந்தப் பெரிய துள்ளல் லென்ஸாலதான். அதுல சந்தேகம் இல்ல. ஆனா அத்த கழிச்சிப் பாத்தாலும் கொஞ்சம் மிஞ்சுது. ரொம்ப கொஞ்சம். அது நட்சத்திரத்தோட ஆட்டமா, நம்ம அளவுல இருக்குற பிசகான்னு என்னால சொல்ல முடியல. இன்னும் எவ்ளோ வருசம் தட்டு எடுத்தா தெரியுமோ.”

“இத்த எங்கப்பாகிட்ட சொன்னீங்களா?”



“சொன்னேன். அச்சுல வந்த வாரமே போன்ல சொன்னேன். மனசு ஒடஞ்சி கெடந்தான். கொஞ்சம் மிச்சம் இருக்குதுடா, விட்டுடாதன்னு சொன்னேன்.”

மூன்று வருடம். மழை நின்ற ஒவ்வொரு மாதமும். ஹாஸ்டலை விட்டு, படிப்பு முடித்து, வேலை கிடைத்து, வீடு பார்த்து, ‘ரெண்டு பேரும் கீழ வந்துடுங்க’ என்று கெஞ்சிய ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன அதே பதில். கொஞ்சம் பொறும்மா. கொஞ்சம் மிச்சம் இருக்குது. வேலை மிச்சம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“இல்லன்னு சொல்லியிருக்கலாமே,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, பிறகு ஏறியது. “எதுவுமே மிச்சம் இல்லடா, கெளம்பி கீழ வாடான்னு சொல்லியிருக்கலாமே! இன்னிக்கி கூசாம சொல்றீங்களே ஒரு பொய்யி, அத்த அன்னிக்கி மாத்தி சொல்லியிருந்தா வேலூருக்கு வந்திருப்பாரில்ல? மாத்திரைய தின்னுட்டு உசுரோட உக்காந்திருப்பாரில்ல? உசுரோட இருந்தப்ப நெசத்த சொல்லி சாவடிச்சீங்க. செத்தப்பறம் பொய்ய சொல்லி வாழ்த்துறீங்க!”

“அவன்கிட்ட எப்பிடிம்மா பொய் சொல்றது?” என்றார் லட்சுமணன்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் அவளையே கேட்கிறவர் மாதிரி இருந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. கையில் கசங்கியிருந்த ஜிகினாத் தாளைச் சுருட்டி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள்.

சுந்தரம்மாள் எழுந்து வந்தாள். மகளையும் பார்க்கவில்லை, லட்சுமணனையும் பார்க்கவில்லை. புருஷனின் நெற்றி நாணயத்தை நேராக ஒட்டிவிட்டு, “வெயில் ஏறுது. தூக்குங்க” என்றாள்.

*

ஓடைக்கரையில் சடையன் கட்டை அடுக்கி வைத்திருந்தான். கொள்ளி வைக்க மகன் இல்லை. பெரியப்பாவின் மகன் சட்டியைத் தூக்கினான். பாதை திரும்பும் இடத்தில் பெண்களை நிறுத்தினார்கள். பூங்கோதை நிற்காமல் நடந்தாள். இரண்டு பேர் மறித்தார்கள். அவர்களை அவள் பார்த்த பார்வையில் பெரியப்பாவே, “வுடுங்க, வரட்டும்” என்று சொல்லிவிட்டார்.

அவள் சிதைக்கு நேரே நின்று பார்த்தாள். அழவில்லை. அவள் அழாததைச் சிலர் கவனித்தார்கள். பாடையின் ஒரு முனையை லட்சுமணன் தோளில் வாங்கியிருந்தார். பழக்கம் இல்லாததால் வழியெல்லாம் தடுமாறினார். யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோதும் கொடுக்கவில்லை. இப்போது சட்டைத் தோள் கிழிந்து, புகை முகத்தில் அடித்தும் நகராமல், இருமிக்கொண்டு நின்றார். நல்லா இருமட்டும் என்று அவள் நினைத்தாள்.

பெரியப்பா அவள் பக்கத்தில் வந்தார். “ஒங்கப்பன் சின்னதுல மாடு மேய்க்கப் போனா மாட்ட தொலச்சிட்டு வருவான். எங்க பாத்துகினு இருந்தன்னு எங்கப்பா அடிப்பாரு” என்றார். பிறகு ஏனோ, “நான் ஊர்ல அப்பிடியேதான் சொல்லுவேன் பாப்பா. கண்டுபிடிச்சான்னுதான் சொல்லுவேன். எனக்கு வேற இன்னா தெரியும்?” என்றார்.

அவரிடம் கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை.

வெயில் சாயும்போது உறவுக்காரர்கள் கட்டை லாரியிலும் கல்லூரி வேனிலும் இறங்கிப் போனார்கள். பெரியப்பா வாசலில் துண்டை விரித்துப் படுத்தார். வேன் போன பிறகுதான் லட்சுமணன் அதில் ஏறவில்லை என்று தெரிந்தது. ஓடையில் முழுகிய ஈரத்தோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். வேட்டி அவருடையதல்ல; சடையன் கொடுத்திருக்க வேண்டும்.

“சுந்தரம்,” என்றார். “கூடத்து சாவி வேணும்மா.”

உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த பூங்கோதை எழுந்து வந்தாள். “எதுக்கு?”

“இந்த மாசத்துத் தட்டு இன்னும் முடியல. இந்த வருசம் வுட்டுப்போச்சுன்னா முன்ன எடுத்ததும் பின்ன எடுக்கப் போறதும் ஒட்டாது.”

“எடுத்து?”

எடுத்து என்ன கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்ல வராத முகம். இத்தனை வருடம் அந்த முகத்தை நம்பித்தான் அப்பா உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

சுந்தரம்மாள் சாவியைக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல், வாசற்படியில் வைத்தாள். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு மேடேறிப் போனார்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சடையன் மனைவி பச்சையம்மா சாமைச் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாய் தின்னுமுன் சுந்தரம்மாள் கையை உதறிவிட்டாள். சாயங்காலப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. மேட்டின்மேல் கூடத்தின் தகரக் கூரை, இரும்புச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உராய, கரகரத்துக்கொண்டே நகர்ந்து திறந்தது. சுந்தரம்மாள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். யார் என்று ஞாபகம் வந்ததும் மறுபடி குனிந்துகொண்டாள்.

“லட்சுமணன் அண்ணனும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல” என்றாள்.

“கெடக்கட்டும்.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“கெடக்கட்டும்மா. பட்டினி கெடக்கட்டும். சர்க்கர இருக்குது அவருக்கு, மயக்கம் போட்டு வுழட்டும். எனக்கு இன்னா?”

சுந்தரம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பூங்கோதை எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துச் சோற்றை அள்ளிப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். கரண்டி சட்டியில் மோதிய சத்தத்துக்கு வாசலில் பெரியப்பா புரண்டு படுத்தார்.

மேட்டுப்பாதையில் வேகமாக நடந்தாள். பாறையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. சாமைத் தாள் காலைக் கீறியது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக ஏறியிருந்தது. கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எதையோ முடுக்கும் சத்தமும் நடுவே இருமலும் கேட்டது.

அவள் தூக்குச்சட்டியைப் படியில் ‘ணங்’கென்று வைத்தாள்.

இருமல் நின்றது. “யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரது?”

சடையனின் நாய்கள் இரண்டு அவளுக்குப் பின்னாலேயே மேடேறி வந்து, சட்டியை மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றை விரட்டினாள். கீழே தடவி ஒரு கல்லை எடுத்தாள். சின்னதாக இருந்தது, எறிந்துவிட்டாள். இன்னொன்றைத் தேடி எடுத்து மூடியின்மேல் வைத்து, அசைத்துப் பார்த்துவிட்டு, இறங்கி நடந்தாள்.